டீச்சர் இளைத்த கதை, நானே சொல்லிவிடுகிறேன்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு இட்லியை வைத்துக்கொண்டு அரைமணி நேரமாகப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் உட்கார்ந்த ஒரு தூரத்துச் சொந்தம் என் கையைப் பிடித்துக் கண் கலங்கிவிட்டது. "எந்த ஆஸ்பத்திரியில காட்டறீங்கக்கா? இப்பெல்லாம் அதுக்கும் நல்ல வைத்தியம் வந்திருச்சுங்களாமா." எதுக்கு கண்ணு என்று கேட்டேன். பதில் இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொன்னார். எனக்குப் புற்றுநோய் என்று ஊரில் பேச்சாம். இவருக்கு ஒரு மாதமாகவே தெரியுமாம்.

அதே வாரம், என்னிடம் அஞ்சாம் கிளாஸ் படித்த ஒரு பெண் மெசஞ்சரில் எழுதியிருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். "டீச்சர், எனக்கு அடுத்த மாசம் எடை குறைக்கிற ஆபரேஷன். ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லல. உங்களுக்கும் அதுதானோன்னு போட்டோ பார்த்தப்ப தோணுச்சு. தப்பா இருந்தா மன்னிச்சிருங்க."

தப்பே இல்லை கண்ணு. அதேதான். பத்து மாதமாக முட்டி வைத்தியம் என்று எல்லோரிடமும் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றிய டீச்சர்தான். இன்றைக்கு நானே ஏறி நிற்கிறேன்.

முட்டி என்று சொன்னதில் பாதி உண்மை இருந்தது. இரண்டு முட்டியும் தேய்ந்து, மாடிப்படியை உட்கார்ந்தபடியே இறங்குகிற நிலைமை. முட்டி மாற்றுகிற டாக்டர், முதலில் எடையைக் குறையுங்கள், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சர்க்கரைக்கு மூன்று மாத்திரை, பிரஷருக்கு இரண்டு. தூக்கத்தில் என் மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்து வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து தட்டுவாராம். அப்படி எத்தனை ராத்திரி என்று எனக்குத் தெரியாது. நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

104 கிலோ இருந்தேன். உயரம் 152 சென்டிமீட்டர். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.52 பெருக்கல் 1.52, அதால் 104ஐ வகுத்தால் 45. இருபத்தைந்தைத் தாண்டினாலே அதிக எடை. பேப்பரில் நானே போட்டுப் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"குண்டு டீச்சர்" என்று நீங்கள் கூப்பிட்டது எனக்குத் தெரியும். கோபமில்லை. பக்கத்து வகுப்பிலும் ஒரு டீச்சருக்கு என் பெயர்தான், ஒரு அடையாளம் வேண்டுமல்லவா? ஆனால் பெரியவர்கள், தின்னே பெருத்தாள் என்று பேசியது வலித்தது. அதனால்தான் ஆபரேஷனை மறைத்தேன். வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்பார்களே என்று பயந்தேன்.

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதி ஒரு வாழைக்காய் போல நிற்கும். ஸ்லீவ் என்று பெயர். வயிற்றைக் கிழிப்பதில்லை, நாலைந்து சின்னத் துளை. பசியைத் தூண்டுகிற ஒரு சுரப்பு, வெட்டி எடுக்கிற அந்தப் பாகத்தில்தான் அதிகம் ஊறுகிறதாம், அதனால் பசியும் அடங்குமாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதையும், சத்து மாத்திரை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"உயிருக்கு ஆபத்து எவ்வளவுங்க?" என்று கேட்டேன்.

"ஆயிரத்தில் ஒருவர் என்கிற மாதிரி. பித்தப்பை ஆபரேஷன் அளவுக்குத்தான். உங்கள் வயசுக்கும் மூச்சுப் பிரச்சினைக்கும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்படியே இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது டீச்சர். அதை யாரும் ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவதில்லை."

ஆயிரத்தில் ஒன்று என்றால் மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வருகைப்பதிவேடு எடுத்தவள். ஆயிரம் பிள்ளைகள் பிரேயரில் நின்றாலும், வராத ஒரு பிள்ளையைத்தான் என் கண் தேடும். அந்த ஒன்றுக்கு முகம் உண்டு, பெயர் உண்டு. ராத்திரியில் அந்த முகம் என் முகமாகவே வந்தது.

எனக்கு அப்படி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நெருங்கிய சொந்தத்துக்குத் தெரியும்.

1979. நான் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். உள்ளே போகும்முன் நர்ஸ் நகையெல்லாம் கழற்றச் சொன்னார். அம்மா தோட்டையும் மெட்டியையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்து, "தொலைச்சுப் போடாத" என்றாள். அவ்வளவுதான். மயக்கம் தெளியவே இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் அப்பாவுக்கும் இல்லை. எனக்கு இரண்டு பிரசவமும் நல்லபடியாக ஆனது. கத்தி வைக்கச் சொன்ன எல்லா வியாதியையும் மாத்திரையிலேயே ஓட்டினேன். காரணம் கேட்டால் நேரமில்லை என்பேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை ஏற்பட்டது உண்டா? நான் "இல்லை" என்று டிக் போட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? எழுதினால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்றும் பயம். ஆபரேஷன் நடந்துவிடுமோ என்றும் பயம். இரண்டும் ஒரே நேரத்தில்.

அடுத்து இரண்டு வாரம் நீராகாரம். மோர், ரசத்தெளிவு, சூப், புரோட்டீன் பவுடர். எடையைக் காட்டிலும் கல்லீரலுக்காகத்தான் இது. எங்களைப் போன்றவர்களுக்குக் கொழுப்பேறி ஊதிப் போன கல்லீரல் இரைப்பை மேல் படுத்திருக்கும், அது சுருங்கினால்தான் தூக்கிவிட்டு வேலை செய்ய முடியும். நடுவில் ஆடிப்பெருக்கு வந்தது. பவானி கூடுதுறையில் தங்கச்சி ஐந்து வகை கலவைச் சாதத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். புளிசாதம் மணக்கிறது. வயிறு சரியில்லை என்று இன்னொரு பொய்! வீட்டுக்கு வந்து மோரைக் குடித்துவிட்டு அழுதேன். பசிக்கு அழுதேனா, பொய்க்கு அழுதேனா, தெரியாது.

இந்த ஆபரேஷனுக்கு முன்னால் மனநல ஆலோசகரையும் பார்க்க வைக்கிறார்கள். என் மூத்த பேத்தியைவிடப் பத்து வயசு கூட இருந்தால் அதிகம், அந்தப் பெண்ணுக்கு. பயம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் டீச்சர் அந்த பேனா மூடியை இத்தனை தடவை கழட்டிக் கழட்டி மாட்டறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஃபாரத்தில் டிக் போட்டது உட்பட.

அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கையோடு மயக்க மருந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சில குடும்பங்களில் சில மயக்க மருந்துகள் ஒத்துக்கொள்ளாத தன்மை பரம்பரையாக வரும், அப்படி இருந்தால் வேறு மருந்து கொடுப்போம், இது எங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய விஷயம் என்றார். கோபப்படவில்லை. ஆனால் வரிசையாகக் கேட்டார். அம்மாவுக்கு அப்போது காய்ச்சல் அடித்ததா? உடம்பு விறைத்ததா? அம்மா வழியில் வேறு யாருக்கு ஆபரேஷன் நடந்தது? விசாரித்துக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார்.

விசாரிப்பதென்றால் சொல்ல வேண்டுமே! முதலில் தங்கச்சிக்குப் போன் செய்தேன். திட்டினாள். புளிசாதத்துக்காக ரொம்பத் திட்டினாள். பிறகு, "மாமாவைக் கேளுக்கா" என்றாள்.

என் தாய்மாமாவுக்கு அப்போது 84 வயசு. திண்ணையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். தனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது மயக்க ஊசி போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றார். அப்புறம் சாதாரணமாக ஒன்று சொன்னார். "உங்கம்மாளுக்குச் சின்னப் புள்ளையிலயே இருதயத்துல கோளாறு சாமி. மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போச்சுன்னு பெரியாஸ்பத்திரியில சொன்னாங்க. கல்யாணம் தட்டிப் போயிருமுன்னு எங்கய்யன் வெளிய சொல்லவே இல்ல. உங்கப்பனுக்கே தெரியாது."

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கி நிற்பது எனக்கு ஞாபகம் வந்தது. வேலைக் களைப்பு என்றுதான் நினைத்திருக்கிறோம்.

டாக்டரிடம் சொன்னேன். பழைய சீட்டு எதுவும் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படிப்பட்ட வால்வோடு மயக்க மருந்து ஆபத்துதான், அதுவாக இருந்திருக்கலாம் என்றார். என் எக்கோ ரிப்போர்ட்டை எடுத்து என் நான்கு வால்வையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் நன்றாக இருந்தன. நாற்பத்தைந்து வருஷமாக மயக்க மருந்துக்குப் பயந்திருக்கிறேன், அம்மாவுக்கே தெரியாத ஏதோ ஒன்று அவளைக் கொன்றது என்று. அவளுக்குத் தெரிந்தேதான் உள்ளே போனாளோ? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. முந்தின ராத்திரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு மணிக்கு எழுந்து, லாக்கர் சாவி, எல்ஐசி பாலிசி, பால்காரர் பாக்கி எல்லாம் நோட்டில் எழுதினேன். எழுதி முடித்ததும் தூக்கம் வந்தது. மூக்கில் அந்த மூச்சுக் கருவியின் குழாய் வேறு. கடைசிப் பேத்தி அதற்கு "தும்பிக்கை" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

காலையில் நர்ஸ் நகையைக் கழற்றச் சொன்னார். தெரிந்ததுதான், இருந்தும் கை நடுங்கியது. மெட்டி சதையில் பதிந்து கழலவில்லை, எண்ணெய் போட்டுக் கழற்றினார்கள். வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். "தொலைச்சுப் போடாதீங்க" என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டேன். அவர் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் ஊசி போடும் நாள் ஞாபகமிருக்கிறதா? "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று உங்களிடம் சொல்வேன். ஒரு வருஷம் ஒருத்தன் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். இழுத்து வந்தபோது, "போன தடவையும் எறும்புன்னீங்க, பொய்" என்றான். சரி, வலிக்கும், பதினேழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் வலி நின்றுவிடும், சொல் என்றேன். சத்தமாகச் சொன்னான். ஐந்து பதினேழு எண்பத்தைந்தில் ஊசி முடிந்துவிட்டது. மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனான்.

தியேட்டரில் குளிர். தலைக்கு மேல் வட்ட விளக்கு. மயக்க மருந்து டாக்டர் முகமூடியை வைத்து, ஏதாவது எண்ணுங்கள் டீச்சர் என்றார். நான் பதினேழாம் வாய்ப்பாடு ஆரம்பித்தேன். நான்கு பதினேழு அறுபத்தெட்டு வரை ஞாபகம் இருக்கிறது. கண் விழித்ததும் எண்பத்தைந்து என்றேனாம். நர்ஸ் என் வயசு என்று நினைத்து, "இல்லம்மா, உங்களுக்கு 63தான்" என்றிருக்கிறார்.

அதற்கப்புறம் நடந்தது பெரிதாக இல்லை. வயிற்றுக்குள் அடைத்த காற்றால் தோள்பட்டை வலித்தது. சாயங்காலமே நடக்க வைத்தார்கள். மூன்று பந்து உள்ள டப்பாவில் மூச்சை இழுத்துப் பந்தைத் தூக்க வேண்டும். சின்ன அளவு கப்பில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். மூன்றாம் மாதம் முடி கொட்டியது, பிறகு வளர்ந்தது. அவசரமாகத் தின்று இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், இரண்டும் தங்கச்சி புளிசாதம். இப்போது 73 கிலோ. சர்க்கரைக்கு ஒரு மாத்திரை போதும். மாடிப்படியை நின்றபடி இறங்குகிறேன். வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கத் தூங்குகிறார், இப்போது குறட்டை அவருடையது.

எழுதிக் கேட்ட கண்ணுக்கு: ஃபாரத்தில் எதையும் மறைக்காதே. உன் வீட்டில் யாருக்கு எந்த ஆபரேஷனில் என்ன ஆனது என்று பெரியவர்களிடம் இப்போதே கேள், இருக்கும்போதே கேள். என் மாமா போன தை மாதம் போய்விட்டார். மோதிரம், மெட்டியை முந்தின வாரமே கழற்றி வை. ஆபரேஷன் அன்று விடியக்காலை எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய். பதினேழாம் வாய்ப்பாட்டைப் படித்து வை, போனில் கேட்பேன். அஞ்சாம் கிளாஸிலேயே நீ அதில் ஏழு பதினேழில் தடுமாறுவாய்.