பாரம் தெரிய வேண்டும்

சின்னமனூர் வயலில் நடவுக்காகச் சேற்றைக் குழைத்துத் தொளி அடிக்கிற டிராக்டரை முதன்முதலாக எடுத்தபோது ஷட்டரை 1/1000-இல் வைத்திருந்தேன். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தில் தெறித்த சேறு முத்து முத்தாக நின்றது. பெருமையோடு பிரிண்டை நீட்டினேன். எனக்குப் படம் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஸ்டூடியோ ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சேத்தை எடுத்துட்ட. வண்டி இழுக்கிற பாரம் எங்கப்பா?"

மறுநாள் விடியலில் ரோட்டோரம் நிறுத்தி, என் இரண்டு முழங்கைகளையும் விலாவோடு சேர்த்துப் பிடித்தார். "இடுப்பு திரும்பட்டும், கை அசையக் கூடாது." ஷட்டர் 1/30. நெல் மூட்டையோடு டயர் மாட்டுவண்டி வந்தது. மாட்டின் கண்ணைப் பிடித்துக்கொண்டே திரும்பி அழுத்தினேன். அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்; அங்கேதான் எல்லோருக்கும் கை நிற்கும். இரண்டு ரோல், 72 படம். மூன்று தேறின. அவற்றில் நுகத்தடிக்கு அடியில் கழுத்துச் சதை மடிந்திருந்தது. ஐயா தேடிய பாரம் அதுதான்.

பழைய மாஸி டிராக்டர் மூட்டை டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகிவிடும், பின்டயர் பிதுங்கும். முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் இரண்டும் தெரியும். தொளியில் வானம் பளபளத்து ஒளிமீட்டரை ஏமாற்றும். பக்கத்து நாற்றங்கால் பச்சையில் அளந்துகொள்ளுங்கள். மேற்கே மலை இருப்பதால் வெயில் சீக்கிரம் போய்விடும். காலை வெளிச்சத்தை நம்புங்கள்.

ரயில் இழுக்கிற பாரத்தையும் எடுக்க ஆசைப்பட்டேன். ஆனால் எங்கள் பக்கத்துக் கம்பத்துக்கு ரயில் கிடையாது. மதுரை–போடி மீட்டர்கேஜ் ஓட்டமும் 2010 டிசம்பரோடு நின்றது. அகலப்பாதை போட்ட காலத்தில் ஜல்லி வேகன்களுக்காக ஆண்டிபட்டிப் பக்கம் நாள் கணக்கில் காத்திருந்தேன். முதலில் எடுத்த படங்களில் காலி வேகனும் பார வேகனும் ஒன்றுபோலவே இருந்தன. பிறகுதான் கண்ணைக் கீழே இறக்கினேன். பாரம் ஏறினால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள சுருள் ஸ்பிரிங் அமுங்கும். வேலிக்கு வெளியே தள்ளி நின்று, சாய்ந்த வெயிலில், டெலி லென்ஸில் அதைப் பிடித்தேன்.

2022 மே 26 அன்று தேனிக்கு ரயில் வந்தபோது கூட்டம் இன்ஜினைப் படம் எடுத்தது. எனக்குக் கண் ஜல்லி மேலேயே இருந்தது. அது வந்து சேர்ந்த கனம் எனக்குத் தெரியும்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரியாற்றுத் தண்ணீர் திறந்து, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் முதல் போகம் தொடங்கும்போது வாருங்கள். முதல் நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும். மூட்டை தூக்குகிறவர்களோடு சேர்ந்து பத்து மூட்டை ஏற்றுங்கள். டிரைவர் கிளட்ச் விடும்போது வண்டி எங்கே திணறுகிறது என்று கேளுங்கள். முதுகுக்குத் தெரிந்த பாரத்தை விரல் தவறவிடாது.