பசித்தால் சுருங்கும் உடம்பு

காலை வெயில் ஏறுகிறது. பெர்னாண்டினா தீவின் எஸ்பினோசா முனையில், கறுத்து இறுகிய எரிமலைப் பாறை மெல்ல அசைவதுபோல் தெரிகிறது. அசைவது பாறையல்ல. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நூற்றுக்கணக்கான கடல் இகுவானாக்கள். நம் ஓணானுக்குத் தூரத்து உறவு. அவ்வப்போது ஒன்று தும்முகிறது. மூக்கிலிருந்து உப்புநீர் தெறிக்கிறது. கடல்நீரோடு உள்ளே போன உப்பை வெளியேற்றும் வழி அது.

ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. மேற்கே, பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் தீவுகளைத் தவிர இவை வேறெங்கும் கிடையாது. கடலுக்குள் இரை தேடும் பல்லியினம் உலகில் இது ஒன்றுதான். 1835-ல் வந்த சார்லஸ் டார்வினுக்கு இவற்றின் தோற்றம் அருவருப்பூட்டியது. கப்பல் மாலுமி ஒருவர் ஒன்றைக் கொல்ல நினைத்து, எடை கட்டிக் கடலில் அமிழ்த்தினார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்தால், அது சுறுசுறுப்பாகவே இருந்ததாம்!

உணவு கடற்பாசி. பெரிய ஆண்கள் மூழ்கி மேய்கின்றன. பெண்களும் குட்டிகளும் நீர் வடியும்போது வெளிப்படும் பாறைகளில் கொறிக்கின்றன. கடலின் குளிரில் உடம்பு விறைத்துவிடும். கரையேறி வெயில் காய்ந்தால்தான் தின்றது செரிக்கும். கறுப்புத் தோல் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்கிறது.

ஆழத்திலிருந்து சத்துள்ள குளிர்நீர் மேலெழும் மேற்குக் கரைகளில் பாசிக்குப் பஞ்சமில்லை. இசபெலாவில் ஆண் இகுவானா 10 கிலோவையும் தாண்டுகிறது. ஜெனோவேசா தீவிலோ சுமார் ஒரு கிலோதான்.

எல் நினோ வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. கடல் சூடேறி, பச்சை, சிவப்புப் பாசிகள் அழிகின்றன. மிஞ்சும் பழுப்புப் பாசி எளிதில் செரிப்பதில்லை. 1982-83லும் 1997-98லும் இகுவானாக்கள் பெருமளவில் பட்டினியால் மடிந்தன. பிழைத்தவற்றை அளந்தபோதுதான் அந்த விநோதம் தெரிந்தது. எடை மட்டுமல்ல, நீளமும் குறைந்திருந்தது. சிலவற்றில் 20 சதவிகிதம் வரை. சதை வற்றினால் மட்டும் இவ்வளவு குறையாது; எலும்பே சுருங்கியிருக்க வேண்டும் என்கின்றன 2000-ல் வெளியான ஆய்வின் முடிவுகள். அதிகம் சுருங்கியவையே அதிகநாள் தாக்குப்பிடித்தன. பாசி திரும்பியதும் மறுபடி வளர்ந்தன.

ஆனால் மனிதன் கொண்டுவரும் ஆபத்துக்கு இந்த வித்தை உதவவில்லை. 2001 ஜனவரியில் 'ஜெசிகா' என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் அருகே தரைதட்டியது. கசிந்த எண்ணெயில் பெரும்பகுதியைக் கடலோட்டம் அடித்துச் சென்றுவிட்டது. சாண்டா ஃபே தீவில் ஒதுங்கியது கொஞ்சம்தான். எனினும் அடுத்த ஓராண்டில் அங்கிருந்த இகுவானாக்களில் 62 சதவிகிதம் இறந்தன.

பூனை, நாய் தொல்லை வேறு. பாலூட்டி எதிரிகளே இல்லாத தீவில் உருவான பிராணி இது; அருகில் யார் வந்தாலும் ஓடத் தோன்றுவதில்லை. குடியேற்றமுள்ள தீவுகளில் அந்த நம்பிக்கைக்கு விலை உயிர்.

பெர்னாண்டினாவில் மனிதக் குடியிருப்பு இல்லை. வெளியிலிருந்து வந்த பூனையும் எலியும் இல்லை. பயணிகள் வழிகாட்டியோடு வந்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் படகேற வேண்டும். மாலையில் வெப்பம் தணிய, இகுவானாக்கள் மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படுக்கின்றன. விலகிச் செல்லும் படகை அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.