நான்கு மொழியிலிருந்து தமிழுக்கு

பினாங்குத் தமிழர்களான லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் முன்னின்று பாடிய அலிகேட்ஸ் குழு மலேசியா முழுதும் புகழ் பெற்றது மலாய்ப் பாடல்களால்தான். நாட்டு மக்களில் இந்தியர் ஏறக்குறைய 7 விழுக்காடு. தமிழை மட்டும் நம்பி ஓர் இசைக்குழு பிழைக்க முடியாது என்ற கணக்கு அன்று நியாயமாகவே இருந்தது. பொயட்டிக் அம்மோ என்ற மலேசிய ராப் குழுவும் 1998-இல் தன் முதல் தொகுப்பை ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று கலந்தே வெளியிட்டது. அக்குழுவின் யோகி பி, 2006-இல் நட்சத்திரா குழுவின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து, தமிழை நடுவில் நிறுத்தி 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார். கேட்பவர் வட்டத்தைத் தானே குறுக்கிக்கொண்டார் என்று இதைச் சொல்லலாம். என் மதிப்பில் அவர் கலை முதிர்ந்தது அங்கேதான்.

ஆங்கில ராப் பெரிதும் வரிக் கடைசியின் ஒலி ஒற்றுமையில் நடக்கிறது. தமிழில் வினைமுற்றுகள் வரி முடிவில் வந்து நிற்பதால் அந்த இயைபு உழைக்காமலே கிடைக்கும், அதனாலேயே விரைவில் சலிக்கும். நம் செவி தேடுவது வரித் தொடக்கத்து மோனையையும் எதுகையையும். 'வல்லவன்' பாடல்களில் தாளத்தின் அடி விழும் இடத்தில் வல்லின எழுத்துகள் மோதுகின்றன; மூச்சு தமிழ்ச் சொற்றொடரின் நீளத்துக்கு இசைந்து போகிறது. 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்' இதற்கு வழி திறந்தது உண்மை. ஆனால் ஒரு படத்தின் ஒரு பாட்டுக்கும், அதே நடையில் ஒரு முழுத் தொகுப்பைத் தாங்கிச் செல்வதற்கும் தூரம் அதிகம்.

'மடை திறந்து' பாட்டால்தானே அத்தொகுப்பு பரவியது, அது இளையராஜாவின் மெட்டாயிற்றே என்பார்கள். மெட்டின் பெருமை அவருக்கே, வரிகளின் பெருமை வாலிக்கே, அதில் வாதமில்லை. ஆனால் 1973-இல் நியூயார்க்கின் பிராங்ஸில் முளைவிட்ட ஹிப் ஹாப், பழைய இசைத்தட்டுகளின் தாளப் பகுதிகளை நீட்டி வளர்ந்த கலை. அங்கே கலைஞனின் தரத்தைக் காட்டுவது எதை எடுக்கிறான், ஏன் எடுக்கிறான் என்பது. 'நிழல்கள்' (1980) படத்தில் 'மடை திறந்து' பாட்டைப் பாடுபவன் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இசைக் கலைஞன். சென்னைத் திரையிசையே தமிழிசை என்றிருந்த நாட்டில், தங்களை அறிவித்துக்கொள்ள வந்த இளைஞர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடைத்திருக்காது.

திரைப்பாடல்களை முன்வைக்கும் இன்னொரு மறுப்பு கனமானது. 'பொல்லாதவன்' (2007) தொடங்கி 'விவேகம்' (2017) வரை திரையுலகம் யோகி பியை அழைத்தது. அந்த அழைப்பு மலேசியத் தமிழ்க் குரலைத் தமிழகத்தின் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. ஆயினும் நாயகனின் வீரத்தைப் பறைசாற்றும் சில வரிகளுக்குள் ஒரு ராப் கலைஞன் வளர இடமில்லை. 'காலா' (2018) படத்தின் 'கற்றவை பற்றவை'யில் மட்டும் அவர் குரலுக்குச் சொல்வதற்கென ஒரு பொருள் இருந்தது, அது எரிந்தது. 'வல்லவன்' அளவு நீளமுள்ள ஒரு தொகுப்பில், அவருடைய இந்த வயதின் குரலில், தோட்டங்களை விட்டு அடுக்குமாடிகளுக்கு வந்த நம் குடும்பங்களின் கதையைக் கேட்க நான் விரும்புகிறேன்.