மூடியைத் தொடாத போல்ட்

பாடி மேம்பாலத்தை விட்டு எம்.டி.எச். சாலையில் வந்தால் லூகாஸ் டிவிஎஸ். 1961-இல் தொடங்கிய நிறுவனம். அதைக் கடந்து ஒரு சந்தில் திரும்பினேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் செய்யும் சிறிய பட்டறை.

மேசைமேல் மெதுவடை போல ஒரு டொராய்டு டிரான்ஸ்பார்மர். 500 வி.ஏ.; தூக்கிப் பார்த்தேன், நாலு கிலோ இருக்கும். "திருவிழாவுக்கு வேன்ல குலுங்கிட்டே போகும் சார். ஆட்டம் கண்டா ஒயர் உராயும், பெட்டியே ஷாக் அடிக்கும்" என்றார் பட்டறைக்காரர்.

பெட்டியின் அடித்தகட்டின் மேல் ரப்பர் வட்டு, அதன்மேல் டிரான்ஸ்பார்மர், மறுபடி ரப்பர், மேலே குழிந்த இரும்புத் தட்டு. நடு ஓட்டை வழியாக ஒரே போல்ட். ரப்பர் லேசாக அமுங்கியதும் ஸ்பானரை எடுத்துவிட்டார். அதற்குமேல் முறுக்கினால் சுற்றின் காப்பு நசுங்கும்.

"இந்த போல்ட் மூடியில முட்டினா என்ன ஆகும்னு பாருங்க" என்று 40 வாட் குண்டு பல்பை டிரான்ஸ்பார்மருடன் தொடரில் இணைத்து ஸ்விட்சைப் போட்டார். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தது. பிறகு போல்ட்டின் மேல்முனையையும் பெட்டியின் அடித்தகட்டையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது!

போல்ட், மூடி, பக்கத் தகடு, அடித்தகடு எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மருக்கு இன்னொரு சுற்று ஆகிவிடுகின்றன. அதில் எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவுதான். ஆனால் இரும்பின் தடை மிகச் சொற்பம் என்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடக்கூடும். சரியான ஃபியூஸ் இருந்தால் அது போகும். ஃபியூஸுக்குப் பதில் கம்பியை முறுக்கி வைத்திருந்தால் டிரான்ஸ்பார்மரே கருகும். கீழ்முனை பெட்டியைத் தொடலாம். மேல்முனை எதையும் தொடக்கூடாது.

எர்த்துக்குத் தனி போல்ட். அந்த இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் மின்னியபின் ஸ்டார் வாஷர் போட்டுப் பச்சை–மஞ்சள் ஒயரை முடுக்கினார். பிளக்கின் எர்த் முனையிலிருந்து பெட்டிவரை தடை மிகக் குறைவாக இருக்கவேண்டும். ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் குரோமெட்.

கடைசியாக ஸ்கேலைப் பெட்டி விளிம்பில் குறுக்கே வைத்து, அதற்கும் போல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். தாராளமாகப் போயின. அதன்பிறகே மூடியைக் கையில் எடுத்தார்.