மெக்கானிக்கின் தடம்

ஜப்பானில் பிளாஸ்டிக் மாடல் என்றாலே ஷிசுவோகாதான். டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் நடுவே, தேயிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். தமியா, ஆவோஷிமா, ஃபூஜிமி ஆகிய மாடல் கம்பெனிகள் எல்லாம் இங்கேதான்; ஹசெகாவா பக்கத்திலிருக்கும் யாய்சுவில். பிளாஸ்டிக்குக்கு முன்பு இங்கே பிழைப்பு மரத்தில் இருந்தது. தமியா 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கி, மர மாடல்களுக்கு நகர்ந்தது. வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்கள் வந்து மர மாடல்களின் விற்பனையைச் சாய்த்தபோது, யமாட்டோ போர்க்கப்பல் மாடலோடு தானும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. தச்சு தெரிந்த ஊர் அச்சு வேலைக்கு மாறிய கதை இது.

மே மாதத்தில் ட்வின் மெஸ்ஸே அரங்கில் ஹாபி ஷோ நடக்கிறது. நான் போனபோது, கம்பெனிகளின் புதுச் சரக்கு ஒரு பக்கம் இருக்க, நாடெங்கிலுமிருந்து வந்த மாடலர் சங்கங்கள் மேசைகளை வரிசையாகப் போட்டு, தாங்கள் கட்டியவற்றைப் பரப்பி வைத்திருந்தன. பெட்டி அட்டைப் படங்களில் விமானங்கள் சுட்டுக்கொண்டே பறக்கும். மேசைகளிலோ பெரும்பாலானவை சக்கரத்தை இறக்கி, காக்பிட் கண்ணாடியைத் திறந்து, தரையில் நின்றன. ஏன் என்று அங்கிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். உடன் வந்த நண்பர் மொழிபெயர்த்தார். "வீட்டுக்கு வாருங்கள், வேலை செய்துகொண்டே சொல்கிறேன்" என்றார் அவர்.

மாடல்களுக்கான வார்ப்பச்சுப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். பேச்சு அச்சிலிருந்துதான் ஆரம்பித்தது. பழைய கிட்களில் விமானத் தகடுகளின் இணைப்புக்கோடுகள் மேலே புடைத்திருக்கும். எஃகு அச்சில் ஒரு கீறல் போட்டால் வார்ப்பில் அது புடைப்பாக வரும், சுலபமான வேலை. கோடு உள்வாங்கி இருக்க வேண்டுமென்றால் அச்சில் மயிரிழை போன்ற வரம்பை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள எஃகு முழுவதையும் எடுத்தாக வேண்டும். மின்பொறியால் எஃகை அரிக்கும் முறை பரவிய பிறகே அது கட்டுபடியானது. "இன்று நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு கோட்டையும் சுற்றி எவ்வளவு இரும்பு போயிருக்கும்!" என்று விரலால் காற்றில் வழித்துக் காட்டினார்.

மேசையில் 1/48 அளவில் ஜப்பானின் ஸீரோ போர் விமானம் ஒன்று, மாடல் 21. அசலின் இறக்கை 12 மீட்டர். இங்கே 25 சென்டிமீட்டர். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசிறு என்பது அசலில் ஐந்து சென்டிமீட்டர்ப் புடைப்பு. அதனால் பாகத்தைச் சட்டத்திலிருந்து ஒரே வெட்டில் எடுப்பதில்லை. முதலில் தள்ளி வெட்டுகிறார். பிறகு மிச்சத்தை ஒட்ட நறுக்கி, உப்புத்தாளால் தேய்க்கிறார்.

உடற்பகுதி இரண்டு பாதிகளாக வருகிறது. அவற்றைச் சேர்த்துப் பிடித்து, தண்ணீர்போன்ற பசையைத் தூரிகை நுனியால் தொட்டார். பசை இடுக்கில் தானே ஓடியது. அது ஒட்டுவதில்லை, பாலிஸ்டைரீனைக் கரைத்து ஒன்றாக்குகிறது. இரு பாதிகளையும் மெல்ல அழுத்தியதும் முதுகு நெடுக மெல்லிய பிதுக்கம் எழுந்தது. அது இறுகியபின் சுரண்டி, பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, 400, 800, 1000 என்று தாள் மாற்றித் தேய்க்க வேண்டும். தேய்த்ததில் அழிந்த கோடுகளை ஊசியால் மறுபடி கீற வேண்டும். கட்டியவன் கை பட்ட அடையாளமே இருக்கக் கூடாது.

பெயின்ட் முடிந்ததும் வேலை தலைகீழாகிறது. இப்போது வேறு ஒருவரின் கை பட்ட அடையாளத்தைக் கொண்டுவர வேண்டும். ஸீரோவில் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள். ஆகவே இடது இறக்கையின் அடிப்பகுதி கூடுதலாகத் தேயும். அடிக்கடி திறக்கும் எஞ்சின் மூடியின் விளிம்பில் பெயின்ட் உரியும். புகைபோக்கிக்குப் பின்னால் கரி படியும். ஆனால் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பருக்குக் கிளம்பிய விமானம் என்றால் உரிசலை மிகக் குறைவாக வைக்கிறார். விமானந்தாங்கிக் கப்பலில் அந்த விமானங்களைத் துடைத்துப் பராமரித்தார்கள். போரின் பிற்பகுதி விமானமென்றால் தாராளமாக உரிக்கலாம். எந்த வருடம், எந்தத் தளம், பராமரிப்புக்கு ஆளும் பொருளும் இருந்ததா என்று தெரியாமல் தூரிகையைத் தொடுவதில்லை.

தரையில் நிற்க வைப்பதற்கான பதிலும் இதிலேயே இருந்தது. பறக்கும் விமானத்தில் விமானி மட்டும்தான். நிற்கும் விமானத்தைச் சுற்றித்தான் மெக்கானிக்கும், எண்ணெய்க் கறையும், ஏணியும்.

போர் விமானங்களை இந்த ஊர் நிஜத்திலும் அறியும்: 1945 ஜூனில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் இதை எரித்தன. சுமார் 2,000 பேர் மாண்டார்கள். அதே இரவில் இரண்டு பி-29கள் வானில் மோதி 23 அமெரிக்கர்களும் இறந்தார்கள். ஃபுகுமாட்சு இட்டோ என்ற உள்ளூர்க்காரர், பகைவர் என்று பாராமல் அவர்களையும் அடக்கம் செய்தார். இரு தரப்புக்கும் ஷிசுஹாதா குன்றில் நினைவுக் கற்கள் உண்டு. பி-29 கட்டியதுண்டா என்று கேட்டேன். "1/72-இலேயே இறக்கை 60 சென்டிமீட்டர். இந்த வீட்டில் எங்கே வைப்பது?" என்று சிரித்தார்.

போர் விமான மாடலைப் போர்மோகம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கூச்சலான அட்டைப் படங்கள் அதற்கு இடமும் கொடுக்கின்றன. இந்த மேசையில் எனக்குத் தெரிந்தது வேறு. வரலாறு விமானிகளின் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறது. அவர்களைப் பறக்க வைத்தவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு, உரிந்த பெயின்ட்டில்தான் எழுதப்படுகிறது.