அழிந்த பக்கம்

பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? விழுப்புரம் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் செஞ்சிக் கோட்டையோடு திரும்பிவிடுவார்கள். ஏரியை ஒட்டி ஒரு சின்னக் குன்று. மேலே எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். போன மாதம் அக்கா பையனோடு ஏறினேன். பயல் படியேறும்போதும் செல்போனில் சுட்டுக்கொண்டே வந்தான்.

"என்னடா, செத்துட்டியா?"

"ஆமா மாமா. மூணு செகண்ட்ல திரும்ப வந்துடுவேன்."

எனக்கு 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' ஞாபகம் வந்தது. செக் நாட்டு போஹிமியா இன்டராக்டிவ் உருவாக்கி, 2001-ல் வெளிவந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. 1985-ல் கற்பனைத் தீவுகளில் நடக்கிற போர். இன்றைக்குப் பார்த்தால் ஆட்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருப்பார்கள். ஆனால் விளையாடும்போது வயிறு கலங்கும். எதிரி என்பவன் தூரத்தில் அசைகிற ஒரு புள்ளி. ஒரு குண்டு பட்டாலே கதை முடிந்துவிடலாம். ஒரு கட்டத்தில் ஒரே ஒருமுறைதான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும். கடின நிலையில் ஆடினால், நாம் எங்கே நிற்கிறோம் என்று வரைபடம் காட்டாது. திசைகாட்டியை எடுத்து, பாதையையும் மேட்டையும் ஒத்துப் பார்த்து நாமேதான் கண்டுபிடிக்கணும்.

ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருநாள் என் பின்னால் வந்து நின்றார். திரையில் நான் புதருக்குள் பத்து நிமிஷமாகப் படுத்துக் கிடந்தேன். "என்னடா, ஒண்ணுமே நடக்கலை?" என்று கேட்பார் என நினைத்தேன். "அவசரப்படாதே... அவங்க போகட்டும்" என்றார், ரகசியக் குரலில். திரும்பினால், என் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தார். போரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசாத மனுஷர், 1971-ல் ஒரு ராத்திரி முழுக்க வயலில் அசையாமல் கிடந்ததை அன்றைக்குத்தான் சொன்னார்.

வயசானவன் பழசைப் புகழ்கிறான் என்று நினைக்காதீர்கள். கடினமான போர் விளையாட்டுகள் இன்றும் உண்டு. அதே நிறுவனத்தின் 'ஆர்மா' வரிசையே இருக்கிறது. ஆனால் பரவலாக ஓடுகிறவற்றில் வழியை அம்புக்குறி காட்டிவிடுகிறது, காயம் தானே ஆறிவிடுகிறது. படத்தில் ஒவ்வொரு புல்லும் தெரிகிறது. நம் மனசுக்குத்தான் வேலை இல்லை. சாவுக்கு விலை மூணு செகண்ட் என்றால், உயிருக்கு என்ன விலை?

கோயிலின் வடபுறச் சிற்றறையில் அந்தப் புகழ்பெற்ற ஓவியம். தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிற பார்வதி. எதிரே ஆடிய சிவன் பெரும்பாலும் அழிந்துபோய், சில கோடுகள்தான் மிச்சம்.

"இவங்க யாரைப் பார்க்கறாங்க மாமா?" என்றான். நான் சொல்லவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவள் கண் போகும் திசையில் சுவரைத் தேட ஆரம்பித்தான்.

பெரியப்பாவும் அன்றைக்கு என் திரையில், அதில் இல்லாத எதையோதான் பார்த்திருக்க வேண்டும்.