உள்ளே ஒரு விளக்கு

நெஞ்செரிச்சல் என்ற சொல்லைத் தமிழில் நாம் இரு பொருளில் வழங்குகிறோம். பிறர் இழைத்த தீங்கை எண்ணி மனம் புழுங்குவதும் நெஞ்செரிச்சல்தான்; உண்ட உணவு புளித்து மேலெழுந்து மார்பைச் சுடுவதும் நெஞ்செரிச்சல்தான். வயிற்றெரிச்சல் என்றாலோ, கேட்பவர் பொறாமையைத்தான் நினைக்கிறார். உடலின் எரிச்சலும் உள்ளத்தின் எரிச்சலும் இவ்வாறு ஒரே சொல்லில் குடியிருப்பதாலோ என்னவோ, நம் இல்லங்களில் பலர் இதனை ஒரு நோயாகவே கருதுவதில்லை. சீரகத் தண்ணீர், மோர், ஒரு சோடா, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம். கேட்டால், "ஆண்டவர் கொடுத்த சிலுவை" என்று பதில் வருகிறது.

அது சிலுவைதானா என்று சற்றே சிந்திப்போம்.

உணவுக்குழாயும் இரைப்பையும் கூடும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை உண்டு. உணவு இறங்கும்போது திறந்து, பின்னர் மூடிக்கொள்வது அதன் பணி. அமிலத்தைத் தாங்கும் காப்பு இரைப்பையின் உட்சுவருக்கு உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. அத்தசை தளர்ந்தாலோ, வேளையின்றித் திறந்தாலோ, இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தைக் கடந்து மார்புப் பக்கம் ஏறிவிட்டாலோ அமிலம் எதுக்களிக்கிறது. உடற்பருமன், புகை, மது, இரவில் வயிறு நிறைய உண்டு உடனே படுத்தல் ஆகியவை அதனை மிகுவிக்கின்றன. நாளடைவில் புண் உண்டாகலாம். புண் ஆறிய தழும்பு குழாயைச் சுருக்கலாம். சிலருக்கு உட்படலத்தின் தன்மையே மாறிவிடும். 1950-ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதிய அறுவை மருத்துவர் நார்மன் பேரட்டின் பெயரால் அந்நிலையை அழைக்கிறார்கள். அவ்வாறு மாறியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் புற்றுநோய் தோன்றக்கூடும்.

இவற்றுள் எது நிகழ்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய இயலாது. உள்ளே நோக்கியாக வேண்டும். 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டு, வளையாத குழாயை இரைப்பைவரை செலுத்திப் பார்த்தார். வித்தைக்காரருக்கு இயன்றது நோயாளிக்கு இயலுமா? வளையும் கருவி வேண்டியிருந்தது. மெல்லிய கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954-இல் இலண்டனில் காட்டிய இருவருள் ஒருவர், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அவ்வழியைப் பின்பற்றி பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் அகநோக்கிக் கருவியை அமைத்து, 1957-இல் முதலில் தம் தொண்டையிலேயே செலுத்திச் சோதித்தார். பிறர் அஞ்சும் ஒன்றைத் தாமே முதலில் ஏற்ற அந்த மருத்துவரை நாம் நன்றியுடன் நினைக்கிறோம்.

அண்மையில் எங்கள் அத்தை ஒருவரை இப்பரிசோதனைக்காகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு அழைத்துச் சென்றோம். பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சலைப் பொறுத்தவர், சோற்று உருண்டை மார்பில் நின்றுவிடுகிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தார். பெரிய நோய் என்றால் சென்னைக்கோ புதுவை ஜிப்மருக்கோ செல்வது நம் பகுதியின் பழைய வழக்கம். இன்று அதே நெடுஞ்சாலையில், முண்டியம்பாக்கத்தில், 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி நிற்கிறது. தொலைவு குறைந்துவிட்டது, அச்சம் மட்டும் குறையவில்லை.

"குழாய விட்டா மூச்சு நின்னுடும்னு சொல்றாங்களே, தம்பி" என்று அத்தை மருத்துவரிடமே கேட்டார். "மூச்சு போற வழி வேற, இது போற வழி வேறம்மா. நீங்க மூக்கால மூச்சு விட்டுக்கிட்டே இருங்க" என்றார் அவர். முந்தைய இரவுக்குப் பின் உணவில்லை. தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்தார்கள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். சுண்டுவிரல் பருமனுள்ள குழாய், அதன் நுனியில் விளக்கும் சிறு கேமராவும். பத்து நிமிடங்களுக்குள் முடிந்தது. தழும்பினால் குழாய் சுருங்கியிருந்தது. சிறு சதைத்துணுக்கு எடுத்து ஆய்ந்ததில் புற்று இல்லை என்று தெரிந்தது. அடுத்த முறை அதே கருவியின் வழியே ஒரு பலூனைச் செலுத்தி, விரித்து, வழியை அகலமாக்கினார்கள். அத்தை இன்று மாத்திரையுடனும் அளவான உணவுடனும் நலமாயிருக்கிறார்.

இதனால் நெஞ்செரிச்சல் கண்ட ஒவ்வொருவரும் இக்கருவியை நாடி ஓட வேண்டும் என்பதன்று. அபாய அறிகுறிகள் இல்லாதவர்க்கு மருத்துவர் முதலில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தை எட்டு வாரங்கள் தருவதே பெரும்பாலும் வழக்கம். விழுங்க இயலாமை, விழுங்கும்போது வலி, காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கறுத்த மலம், இரத்தசோகை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தலாகாது. மருந்துக்கு அடங்காமலோ, நிறுத்தியதும் திரும்பியோ வந்தாலும் பார்த்தறிவது நன்று. மறுபுறம், இந்நோயுள்ள பலருக்கு உள்ளே புண் எதுவும் தென்படாது. ஆயினும் அவர்தம் துன்பம் மெய்யானதே.

கண்டறிவதோடு நில்லாமல், நோயின் மூலத்தையே இவ்வழியில் சீராக்கவும் முயல்கிறார்கள். தளர்ந்த வாயிலை உள்ளிருந்தே மடித்துத் தைக்கும் முறையை ஐதராபாத்து மருத்துவர்கள் 70 பேரிடம், ஒரு பாதியினருக்கு மெய்யாகவும் மறு பாதியினருக்குப் பாவனையாகவும் செய்து ஒப்பிட்டு, 2022-இல் வெளியிட்டனர். தைக்கப்பட்டவர்களே மிகுந்த நலம் கண்டனர். எனினும் இது தேர்ந்தெடுத்த சிலருக்கு உரியது. உணவு ஒழுங்கும் மருந்துமே இன்றும் பெரும்பாலோர்க்கு முதல் வழி.

நம்மவர் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. காலைத் திருப்பலிக்கு முன் மாத்திரை உட்கொள்ளலாமா? இம்மருந்தைக் காலை உணவுக்கு அரைமணி நேரம் முன்பு உட்கொள்ள வேண்டும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பைக் கேட்கும் திருச்சபைச் சட்டம், நீரையும் மருந்தையும் அதே இடத்தில் விலக்கிவைத்திருக்கிறது. முதியோரையும் நோயுற்றோரையும் அந்நோன்பு கட்டுப்படுத்துவதுமில்லை. தவக்காலத்தில் வெறும் வயிற்றோடு வருந்துவதுதான் பக்தி என்று எண்ணும் நம் தாய்மார்களுக்கு இதை யாரேனும் எடுத்துச் சொல்வது நல்லது.

சீராக்கின் ஞானநூல் தன் 38-ஆம் அதிகாரத்தில் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று காரணமும் காட்டுகிறது. பவுல் அடிகளார் தம் அன்புச் சீடர் திமொத்தேயுவுக்குத் திருச்சபையை நடத்தும் நெறிகளை எழுதுகையில், அவருடைய வயிற்றுக் கோளாறையும் மறக்கவில்லை. அவர் சொன்ன திராட்சை மது இந்நோய்க்கு ஆகாது. அந்த அக்கறை ஆகும்.

சிலுவை என்பது அன்பின் பொருட்டு ஏற்கும் துன்பம். தீர்க்கக்கூடிய நோயை அச்சத்தால் மறைத்துவைப்பதற்கு அப்பெயர் பொருந்தாது. நாளின் முடிவில் மனச்சான்றை ஆய்ந்து பார்க்கப் பழகியவர்கள் நாம். உள்ளே இருப்பதை வெளிச்சத்தில் காண அஞ்சுபவர் மன்னிப்பின் ஆறுதலையும் இழக்கிறார் என்று அறிந்தவர்கள். ஆன்மாவுக்கு நாம் தயங்காமல் செய்யும் அதனை, அதே இறைவன் தந்த உடலுக்கும் செய்வோம். நம் வீட்டில் இரவில் எழுந்து அமர்ந்து மார்பைத் தடவிக்கொண்டிருப்பவர் யார் என்று இன்று கேட்போம். நாளை அவருக்குத் துணையாக மருத்துவரிடம் செல்வோம்.